பக்கத்தில் உட்கார்ந்தவர்

கச்சேரி அழைப்பிதழ் அச்சடிப்பதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பாடுபவர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய எழுத்தில், வயலினும் மிருதங்கமும். பக்கவாத்தியம் என்ற சொல்லே அவர்கள் உட்காரும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. பாலக்காடு மணி ஐயர் அந்த இடத்திலிருந்து கடைசி வரை நகரவில்லை. பாடகரின் வலது பக்கம், கொஞ்சம் உள்வாங்கினாற்போல. ஆனால் அழைப்பிதழில் கீழே இருந்த அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு கச்சேரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்த ரசிகர்கள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பாலக்காட்டை ஒட்டிய கல்பாத்தியில் ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் அக்ரகாரங்களின் திருவிழா இது. காவிரிக்கரையிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலை தாண்டி வந்து, ஆற்றங்கரையில் குடியேறிய தமிழர்கள். 'காசியில் பாதி கல்பாத்தி' என்று விஸ்வநாதர் கோயிலைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். இவர்கள் பேசும் தமிழைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரருக்குச் சிரிப்பு வரும், மலையாளிக்குப் பாதி புரியும். தேரை முன்னிட்டு சங்கீத உற்சவமும் நடக்கிறது. சென்னை சபாக்களில் 'பாலக்காடு' என்ற அடைமொழியோடு பேர் வாங்கியவர்களை எண்ண ஆரம்பித்தால் இரண்டு கை விரல்கள் போதாது. சின்ன இடத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

மணி ஐயர் பிறந்தது 1912 ஜூன் 10 அன்று, அன்றைய கொச்சி சமஸ்தானத்துப் பழையன்னூரில். இயற்பெயர் ராமசுவாமி. தகப்பனார் சேஷ பாகவதர் பாடகர். மிருதங்கத்தில் முதல் பாடம் இங்கே, சாத்தபுரம் சுப்பையரிடம். இன்றைக்குக் கல்பாத்தியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தெரு அது. பிறகு செம்பை வைத்தியநாத பாகவதர் வந்தார். செம்பை கிராமமும் பாலக்காட்டுக்குப் பக்கம்தான். வெண்கலக் குரல், பெரிய மனசு, சின்னப் பையன்களைத் தைரியமாகத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளும் துணிச்சல். 1920களில் மணி ஐயர் செம்பைக்கு வாசிக்க ஆரம்பித்தபோது மீசை முளைக்காத வயது.

கச்சேரிகளில் வாசித்துக் கவனம் பெற்ற பிறகும் அவர் மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தது தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம். வாசிப்பில் தஞ்சாவூர் வழி ஒன்று, புதுக்கோட்டை வழி இன்னொன்று என்று அன்று பேசிக்கொள்வார்கள். புதுக்கோட்டை வழியின் சிகரமாக இருந்தவர் கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் வல்லவரான தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இளம் மணி ஐயருக்கு அவரோடு ஒரே மேடையில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் மீது கடைசி வரை பக்தி. குரு ஒரு வழி, மனம் கவர்ந்தவர் இன்னொரு வழி என்பதால் இரண்டும் அவர் கையில் கலந்தன. இங்கே கேரளத்தில் வளர்ந்தவர் காதில் செண்டையும் தாயம்பகையும் விழாமல் இருந்திருக்காது. அவர் கணக்குகளில் அந்த வாசனை உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளை, சி.எஸ். முருகபூபதி, இவர் என்று மூவரைச் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்பார்கள்.

ஆனால் கணக்கில் கெட்டிக்காரர்கள் அப்போதும் பலர் இருந்தார்கள். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையின் கச்சேரிக்கு மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லயக்காரர்களே ஒரு வரிசை உட்காருவார்கள். 'ஃபுல் பெஞ்ச்' என்று அதற்கு செல்லப் பெயர். பாடகருக்கும் தாளக்காரர்களுக்கும் நடக்கும் மல்யுத்தத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அந்தச் சூழலிலிருந்து வந்த ஒருவர், பாட்டுக்கு வாசிப்பது என்றால் என்ன என்று காட்டினார். மணி ஐயரின் சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு அவர் வாசித்த வானொலிப் பதிவுகள் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துப் பாட்டை விட்டுவிட்டு மிருதங்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். முடியாது. பாட்டோடு அவ்வளவு ஒட்டியிருக்கும். பல்லவியில் ஒவ்வொரு சங்கதியாகக் கூடிக்கொண்டு போகும்போது இவர் கையும் ஒரு இழை கூட்டும். அனுபல்லவிக்கு ஏறும் இடத்தில் ஒரு சின்னத் தீர்மானம், கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல. சாகித்யம் நீட்டி நிற்கும் இடத்தில் கை அப்படியே நின்றுவிடும். இரண்டு அட்சரம் மௌனம். பிறகு இடது கையில் ஒரே ஒரு கும்கி. அடிக்காமல் விட்ட இடத்துக்காக ஒரு மிருதங்க வித்வானைப் பாராட்டுவது விநோதமாக இருக்கலாம். ஆனால் அவரிடம் அதுவும் வாசிப்புதான். அடுத்து பாடகர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தால் மட்டுமே இப்படி விட முடியும். தெரிவதற்கு அவர் பாட்டை நம் எல்லோரையும்விட நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவருக்குப் பாட்டு எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு சாட்சி போதும். கொல்லங்கோடு விஸ்வநாத பாகவதரின் மகன் நாராயணசுவாமி, பிற்காலத்தில் சங்கீத கலாநிதி பெற்ற பாலக்காடு கே.வி. நாராயணசுவாமி, மணி ஐயரிடம் கற்றவர். கற்றது மிருதங்கம் இல்லை, பாட்டு. சிறுவனை அவர்தான் பக்குவப்படுத்தி, 1940களின் தொடக்கத்தில் அரியக்குடியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு மிருதங்கக்காரர் உருவாக்கிய பாடகர் என்று இன்னொரு பெயரைச் சட்டென்று சொல்லச் சொன்னால் நான் திணறுவேன்.

ஐரோப்பாவில் இதே வழக்கு பியானோவை வைத்து நடந்தது. ஜெர்மன் மொழிக் கவிதைகளுக்கு ஷூபர்ட்டும் ஷூமனும் இசையமைத்தபோது பியானோவுக்குப் பாடகருக்குச் சமமான பங்கு கொடுத்தார்கள். குதிரைக் குளம்பும் ஓடையும் நூற்புச் சக்கரமும் பாடகர் வாயில் இல்லை, பியானோவில் இருக்கின்றன. இருந்தும் வாசிப்பவர் பெயர் அங்கேயும் அடியில்தான். இந்தப் பாடல்களுக்கு வாசித்தே வாழ்ந்த இங்கிலாந்துக்காரர் ஜெரால்டு மூர், 1962இல் எழுதிய சுயசரிதைக்கு 'நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனா?' என்று தலைப்பு வைத்தார். பக்கவாத்தியக்காரனின் முழுக் கவலையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. 1967 பிப்ரவரியில் லண்டனில் அவருக்குப் பிரிவுபசாரக் கச்சேரி. அன்றைய ஐரோப்பாவின் மூன்று பெரிய பாடகர்கள் வந்து பாடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு மூர் ஷூபர்ட்டின் பாடல் ஒன்றைப் பாடகர் இல்லாமல் தனியாக வாசித்து விடைபெற்றார்.

ஏறக்குறைய அதே பருவத்தில்தான் சென்னை மியூசிக் அகாதெமி 1966ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதியை மணி ஐயருக்குக் கொடுத்தது. மிருதங்கத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. வயலினுக்குக் கால் நூற்றாண்டு முன்பே, துவாரம் வேங்கடசுவாமி நாயுடு மூலம் கதவு திறந்திருந்தது. தோல் வாத்தியம் வாசலிலேயே நின்றது. பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இல் இறந்துபோனார். அவருக்கு அது கிடைக்கவில்லை. மணி ஐயரின் மாணவர்கள் உமையாள்புரம் சிவராமன் 2001இலும் பாலக்காடு ரகு 2007இலும் பெற்றார்கள். கதவு ஒருமுறை திறந்ததற்கும் அகலத் திறந்ததற்கும் நடுவில் எத்தனை காலம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவனுக்கு மூரின் கேள்வி நன்றாகவே புரியும். மூலத்தைவிடக் குரலை உயர்த்தினால் துரோகம். அடக்கி வாசித்தால் பக்கத்தில் உயிர் இருக்காது. அட்டையில் பெயர் எந்த அளவு எழுத்தில் வரும் என்பது தனிக் கதை. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

சத்தம் பற்றிய இந்தக் கேள்விக்கு மணி ஐயர் கொடுத்த பதில் பலரைக் கோபப்படுத்தியது. மைக் வேண்டாம் என்றார். மைக் வைத்தால் வாசிக்க வரமாட்டேன் என்ற அளவுக்குப் போனார். சபாக்கள் கையைப் பிசைந்தன, வாய்ப்புகள் குறைந்தன, அவர் அசையவில்லை.

பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மிருதங்கம் எப்படிப் பேசுகிறது என்று தெரிந்தால் அவர் பக்கமும் நியாயம் தெரியும். உலகத்தில் பெரும்பாலான தோல் வாத்தியங்களுக்குச் சுருதி சுத்தமாகப் பிடிக்காது. அடித்தால் எழும் உபஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் கறுப்பாக ஒட்டியிருக்கிறதே, கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்துப் பூச்சுப் பூச்சாகத் தேய்த்து ஏற்றுவது, அந்தப் பாரம்தான் தோலின் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. கம்பி வாத்தியத்தில் போல உபஸ்வரங்கள் முழு எண் விகிதத்தில் வரிசையாக நிற்கின்றன. இதைக் கண்டு சொன்னவர் சி.வி. ராமன், 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார், நோபல் பரிசுக்குப் பத்து வருடம் முன்பு. இடந்தலையான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். கனமான அடித்தொனி அதிலிருந்து வருகிறது. விளிம்பில் விழும் மீட்டு ஒரு ஒலி, நடுவில் விழும் சாப்பு இன்னொரு ஒலி, உள்ளங்கையால் தேய்க்கும் கும்கி மூன்றாவது. ஒரு விரல் தள்ளி விழுந்தால் ராகத்தோடு சேராது.

இத்தனை நுணுக்கத்தையும் ஒரு மைக்கின் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? தொப்பி இடிக்கும், மீட்டு கீச்சிடும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்ற தீர்மானம் வாசிப்பவர் விரலிலிருந்து மூலையில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஆளின் விரலுக்குப் போய்விடும். இன்றைய கச்சேரிகளில் பாதி நேரம் வித்வான்கள் கையை மேலே காட்டியும் கீழே காட்டியும் அந்த ஆளோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். மைக் இல்லாவிட்டால் பாடகர் குரல் எவ்வளவோ அதற்குள் வாசிக்க வேண்டும். ரசிகரும் இருமலை அடக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டும். கேட்பது எல்லோருடைய வேலை ஆகிவிடுகிறது. மணி ஐயர் விரும்பியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த வழக்கில் எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு, அதை அவருடைய ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. மைக் இல்லாத மேடை யாருடைய மேடை? செம்பை போன்ற கனத்த ஆண் குரல்களின் மேடை. எட்டுக்கட்டையில் கத்தினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்ற காலத்தில் மென்மையாகப் பாட முடிந்தவர்கள் குறைவு. மைக் வந்த பிறகுதான் பெண்கள் தங்கள் சொந்தக் குரலிலேயே ஆயிரம் பேருக்குப் பாட முடிந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய முன்னணி வித்வான்கள் பலர் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டார்கள். மணி ஐயரும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தார். அவர் முதலில் வாசித்த பாடகி டி.கே. பட்டம்மாள், ராகம் தானம் பல்லவியில் ஆண்களுக்குச் சவால் விட்டவர். பின்னால் இரண்டு குடும்பங்களும் சம்பந்திகளாயின. நித்யஸ்ரீ இருவருக்கும் பேத்தி. ஆனால் இதற்கு அத்தனை வருடம் ஏன் ஆயிற்று என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. ஜெர்மனியில் கிளாரா ஷூமன் என்ற பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பியானோ மேடையின் நடுவில் உட்கார்ந்தார். 1878இல் ஃபிராங்க்ஃபர்ட் இசைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து பல தேசத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நம் மியூசிக் அகாதெமி ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, சங்கீத கலாநிதி கொடுத்தது 1968இல். மிருதங்கத்துக்கும் இரண்டு வருடம் கழித்து.

மைக் வழக்கில் மணி ஐயர் தோற்றார் என்பது ஊரறிந்தது. இன்று ஐம்பது பேர் உட்காரும் கூடத்திலும் மைக் இருக்கிறது. கல்பாத்தித் தேரின்போது ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தலைமுறைக்கு மணி ஐயரைத் தெரிவதே மைக் மூலம்தான். வானொலி நிலையங்களும் ரசிகர்களும் பிடித்து வைத்த ஒலிநாடாக்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

1965இல் எடின்பரோ விழாவுக்கு அவரும் கே.வி. நாராயணசுவாமியும் லால்குடி ஜெயராமனும் போனார்கள். 1971இல் பத்மபூஷண் வந்தது. இதற்கெல்லாம் நடுவில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். ரங்கூனில் பிறந்த ரகு அவரிடம் வந்து கற்றுக்கொண்டு பாலக்காடு ரகு ஆனார். உமையாள்புரம் சிவராமன், மாவேலிக்கரை வேலுக்குட்டி நாயர், சொந்தப் பிள்ளை ராஜாமணி என்று பட்டியல் நீளும். இவர்களில் ஒருவர் வாசிப்பு இன்னொருவர் வாசிப்பு மாதிரி இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சில் வார்க்கும் ஆசிரியராக இருந்தால் இப்படி நடந்திருக்காது. கடைசிக் காலத்தில் ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியில் போய்க் குழந்தைகளுக்கு மிருதங்கம் கற்பித்தார். சபாக்களின் உச்சத்தில் இருந்தவர் தா, தி, தொம், நம் என்று முதல் பாடத்துக்குத் திரும்பினார். 1981 மே 30 அன்று இறந்தார்.

மணி ஐயரைப் பற்றிப் பேசும்போது விட்டுப்போகும் ஒரு பெயர் இருக்கிறது: பர்லாந்து. தஞ்சாவூரைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் வந்த மிருதங்கத் தொழிலாளி. மிருதங்கத்துக்குப் பலாக்கட்டை ஒரு பாதிதான். மறுபாதி ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும், இழுத்துக் கட்டும் எருமைத்தோல் வாரும். தோலைத் தேர்ந்தெடுப்பது, பதப்படுத்துவது, மூட்டுவது, கறுப்பை ஏற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. பூஜை அறையில் வைத்துக் கும்பிடும் வாத்தியத்துக்குத் தோல் எங்கிருந்து வருகிறது என்று கச்சேரி உலகம் கேட்டுக்கொள்வதில்லை. மணி ஐயர் தன் காதில் கேட்ட ஒலியைச் சொல்லுவார். அதைத் தோலில் கொண்டுவர வேண்டியது பர்லாந்து. சரியில்லை என்றால் பிரி, மறுபடி மூட்டு. இருவரும் வருடக்கணக்காக இப்படி மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மணி ஐயர் நாதம் என்று நாம் கொண்டாடுவதில் பர்லாந்தின் காதும் கையும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழைப்பிதழில் பக்கவாத்தியத்துக்குக் கீழே இன்னொரு வரி அச்சடிக்கும் வழக்கம் மட்டும் வரவே இல்லை.

டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்யும் குடும்பங்களைத் தேடிப் போய் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. பர்லாந்தும் மணி ஐயரும் அதில் விரிவாக வருகிறார்கள். புத்தக வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது.